பிளெக்ஸ் பிளேட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பழைய தானியங்கிக் கியர் கார்களைக் கைக்கியருக்கு மாற்றுவது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டு வண்டி, 1976இல் வெளிவந்த 123 வரிசை பென்ஸ், 240டி. ஐந்தாம் இயலின் வரைவில் ஒரு வரி இப்படி நிற்கிறது: "டார்க் கன்வர்ட்டரை இறக்கியபின் சமன்சக்கரத்தைக் கழற்றிச் சமன்சக்கரத்தைப் பூட்டுக." டார்க் கன்வர்ட்டர் என்பது தானியங்கி வண்டியில் கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பாகம். கழற்றுவது பிளெக்ஸ் பிளேட், பூட்டுவது பிளைவீல். பிளைவீலுக்குச் சமன்சக்கரம் இருக்கட்டும். மற்றதற்கு என்ன சொல்?

மார்த்தாண்டம், பட்டறை:
இரண்டையும் கட்டாயம் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பிளெக்ஸ் பிளேட் மெல்லிய எஃகுத் தகடு. கன்வர்ட்டரை எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு இணைப்பதும், ஸ்டார்ட்டர் கடிக்கும் பல்வளையத்தைச் சுமப்பதும்தான் அதன் வேலை. எண்ணெய் அழுத்தமும் சூடும் ஏறினால் கன்வர்ட்டர் சற்று உப்பும். அந்த முன்பின் நகர்வைத் தகடு வளைந்து வாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு மீளும். பிளைவீல் கனத்த வார்ப்பு, கிளச் உரசும் முகம் அதில்தான் உண்டு.

கனம் வேறு என்பதால் போல்ட் நீளமும் வேறு. தகட்டின் குட்டைப் போல்ட்டைப் பிளைவீலுக்குப் போட்டால் கிராங்கில் கொஞ்சம் மரைதான் பிடிக்கும். ஓட்டத்தில் தளர்ந்து அறுந்துவிடும். நீளப் போல்ட்டைத் தகட்டுக்குப் போட்டால் குழியின் அடியில் முட்டி நிற்கும். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் 'சரி' என்று சொல்லும், தகடு மட்டும் ஆடும். கூடவே, கழற்றிய தகட்டின் சமநிலைக்கு ஒப்பாகப் பிளைவீலைச் சமன் செய்யாமல் ஏற்றினால் எஞ்சின் நடுங்கும். ஆகவே தகட்டைக் கழற்றியதும் பழைய இரும்பில் போடக் கூடாது, சமன் பார்க்க அது வேண்டும். இதையும் இயலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தக்கலை, தமிழாசிரியர்:
பட்டறை அண்ணாச்சி சொன்னதில் சொல்லுக்கான குறிப்பு இருக்கிறது: வளைந்து மீள்வது. 'நெகிழ்தகடு' முதலில் தோன்றும். ஆனால் நெகிழி பிளாஸ்டிக்குக்கு நிலைத்துவிட்டதால் பிளாஸ்டிக் தகடு என்றே படிப்பார்கள். 'நெளிதகடு' கூரைத் தகடு. 'வளைதகடு' வளைந்தே கிடப்பது. எனக்கு உகந்தது 'ஒல்குதகடு'. ஒல்குதல் என்றால் மெலிந்து வளைதல். கொடி ஒல்கும், இடை ஒல்கும், ஒடியாது. ஒல்லி, ஒல்கு, ஒசி மூன்றும் ஓரினச் சொற்கள் என்பது என் துணிபு. மெல்லியதால்தான் வளைகிறது என்ற காரணமும் அந்த ஒரே வேருக்குள் அடங்குகிறது.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அழகான சொல்தான். ஆனால் படிக்கப்போவது பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒல்கு' என்ற சொல்லுக்கு அகராதி புரட்ட முடியாது. 'துவள்தகடு' எப்படி?

தக்கலை, தமிழாசிரியர்:
துவண்டது மீளாது, வாடிய கீரைதான் துவளும். இருந்தாலும் 'துவளும் பிரம்பு' என்ற வழக்கு உண்டு, ஒப்புகிறேன். ஆனால் புணர்ச்சி இடிக்கிறது. நாள்தோறும் நாடோறும் ஆவதுபோல் துவள்தகடு 'துவடகடு' ஆகிவிடும். வினைத்தொகை என்று இயல்பாக விடலாமா என்பதை நன்னூல் வழி தனியாகப் பேச வேண்டும். 'துவள்வட்டு' என்றால் அந்தச் சிக்கலே இல்லை, ளகரத்தின் முன் வகரம் இயல்பாக நிற்கும்.

குளச்சல்:
ஏன் இவ்வளவு சுற்று? அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறிய தொல்காப்பியமே வடசொல்லை 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடமொழி எழுத்தை நீக்கி, எடுத்துக்கொள்ள வழி சொல்லியிருக்கிறது. அந்த நூலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். 'பிளெக்சுத்தகடு' என்று எழுதுங்கள். கடையில் உதிரிபாகம் கேட்கவும் உதவும். இன்னொன்று, ஆறாம் இயலில் கிளச் 'மிதி' என்பதைச் 'சவுட்டு' ஆக்குங்கள். நம் மாவட்டத்துப் பயல்கள் கிளச்சைச் சவுட்டத்தான் செய்வார்கள்.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
சவுட்டு எனக்கும் பிடித்த சொல். ஆனால் கையேடு திருச்சிக்கும் சேலத்துக்கும் போகிறது. மிதியே இருக்கட்டும், அண்ணாச்சி.

மார்த்தாண்டம், பட்டறை:
வட்டு வேண்டாம். இரண்டு பக்கம் தள்ளிக் கிளச் பிளேட்டை 'உரசுவட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்தால் இரண்டு வட்டு இருக்கிறதென்று பையன் தேடுவான். தகடு என்றே முடியட்டும்.

தலைப்பில் 'கைமாற்றுப் பெட்டி' என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள். கைமாற்று என்றால் அவசரத்துக்கு வாங்கும் வட்டியில்லாக் கடன். கைக்கியர்ப் பெட்டி போதும்.

ஏழாம் இயலில் ஏ.டி.எஃப்.புக்கு, அதாவது தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கான மெல்லிய எண்ணெய்க்கு, 'தானியங்கி எண்ணெய்' என்று போட்டிருப்பது ஆபத்து. இந்த வண்டியின் கைக்கியர்ப் பெட்டிக்கும் அதே எண்ணெய்தான். பெயரைப் பார்த்துக் கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் கியர் கடினமாக விழும்.

விடுபட்டவை மூன்று. தானியங்கிப் பெட்டிக்குப் போன வெற்றிடக் குழாயை அடைக்க வேண்டும். இந்த வண்டியின் டீசல் எஞ்சின் நிற்பதே வெற்றிடத்தால்தான், குழாய் திறந்து கிடந்தால் சாவியைத் திருப்பியும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தடுக்கும் நியூட்ரல் சுவிட்சின் ஸ்டார்ட்டர் ஒயர் இரண்டையும் இணைக்காவிட்டால் ஸ்டார்ட்டரே சுற்றாது. கிளச் மாஸ்டர் சிலிண்டருக்கு எண்ணெய் பிரேக் எண்ணெய்க் குப்பியிலிருந்து வருகிறது. தானியங்கி வண்டியின் குப்பியில் அந்தக் கிளைமூக்கு அடைத்திருக்கும், அல்லது இருக்காது. அதைப் பார்த்தபிறகு குப்பி வாங்கச் சொல்லுங்கள்.

தக்கலை, தமிழாசிரியர்:
தகடு என்றால் ஒல்குதகடுதான். புரியாத சொல் பத்து முறை புழங்கினால் புரியும். 'மின்சாரம்' அப்படித்தான் ஊன்றியது.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
தகடு என்றே முடியட்டும் என்பதாலும் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதாலும் 'துவள்தகடு' என்றே வைக்கிறேன். புணர்ச்சியை இயல்பாக விடுகிறேன். முதல் இடத்தில் 'பிளெக்ஸ் பிளேட் எனப்படும் துவள்தகடு' என்றும், பிறகு துவள்தகடு என்றும் வரும். போல்ட் நீள எச்சரிக்கை கட்டமிட்டு வரும். எண்ணெய்க்கு ஏ.டி.எஃப். என்றே இருக்கும்.

தக்கலை, தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். துவள்வது மீளாது.

மார்த்தாண்டம், பட்டறை:
துவள்தகடு வரும் அதே இயலில் பைலட் பேரிங்குக்கு 'வழிகாட்டி உருளி' என்று இருக்கிறது. அது வழி காட்டுவதில்லை. கியர்ப் பெட்டி உள்தண்டின் நுனியை கிராங்கின் குழியில் தாங்குகிறது. தானியங்கி வண்டியில் அது பெரும்பாலும் இருக்காது. போடாமல் விட்டால் தண்டு ஆடும், கிளச் முழுசாய் விடாது, கியர் உரசும். 'நுனிதாங்கி' என்றால் என்ன?