கொலோகேஷன்: ‘சொல்லிணக்கம்’ சரிப்படுமா?

குழுவினர்க்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பேச்சுக் கையேடு ஒன்று எழுதுகிறேன். உடம்பு, மனசு, பொருள் இவற்றின் நிலையைச் சொல்லும் தொடர்கள் அதில் நிறைய: ஃபால் அஸ்லீப், கேட்ச் எ கோல்ட், கெட் டயர்ட், கோ பால்ட். இந்தச் சொல்லோடு இந்த வினைதான் வரும் என்ற வழக்கத்தை ஆங்கிலத்தில் கொலோகேஷன் என்கிறார்கள். தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? இப்போதைக்கு ‘சொற்சேர்க்கை’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

*

ஐயா,

‘சொற்சேர்க்கை’ வேண்டாம். எந்த இரண்டு சொல் ஒட்டினாலும் சேர்க்கைதான். ‘மரபுத்தொடர்’ கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் பள்ளிப் பாடத்தில் அதைக் ‘கயிறு திரித்தல்’, ‘ஆறப்போடுதல்’ போன்றவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். கயிறு திரிப்பவன் கையில் கயிறே கிடையாது. கேட்ச் எ கோல்டில் சளி சளிதான், வினை மட்டுமே வழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. ‘இணைமொழி’யும் ‘மேடுபள்ளம்’, ‘அக்கம்பக்கம்’ வகைக்குப் போய்விட்டது.

சங்கதி நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு நூற்பா உண்டு. மணிமுடியைக் கவிப்பார்கள், ஆரத்தைப் பூணுவார்கள்; எல்லாவற்றையும் சேர்த்து ‘அணி’ என்று சொல்லும்போது அதில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடாதே, ‘அணிந்தார்’ என்று பொதுவாகச் சொல் என்கிறார்கள் உரைகாரர்கள். உணவுக்கும் அப்படியே. உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது எல்லாம் அதில் இருப்பதால் ‘அடிசில் அயின்றார்’ (உணவு உட்கொண்டார்) எனப் பொதுவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அதற்கென்று வினை உண்டு என்பதுதான் இந்த விதியின் அடிப்படையே.

ஆங்கிலத்தில் இதைப் பெரிதாகப் பேசியவர்களைப் பாருங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த ஹெரால்ட் பாமர் இதைப் பற்றிய அறிக்கையை 1933இல் தோக்கியோவில் இருந்து வெளியிட்டார். பிறகு மொழியியலில் இதை நிலைநிறுத்திய ஜே.ஆர். ஃபிர்த், 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இருவரும்.

என் பரிந்துரை: சொல்லிணக்கம். உடன் வரும் வினைக்கு ‘இணங்குவினை’. பசிக்கு இணங்குவினை ‘எடு’, காய்ச்சலுக்கு ‘அடி’, தூக்கத்துக்கு ‘வா’. அதைத்தான் நம் பிள்ளை அப்படியே பெயர்த்து ‘ஸ்லீப் இஸ் கமிங்’ என்கிறது. சளிக்கு இரண்டு மொழியிலும் ‘பிடி’தான், ஆனால் ஆங்கிலத்தில் ஆள் சளியைப் பிடிக்கிறான், தமிழில் சளி ஆளைப் பிடிக்கிறது. கையேட்டில் இதைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள்.

*

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘இணக்கம்’ கணினிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: இந்த மென்பொருள் அந்தக் கருவிக்கு இணக்கமானது என்று எழுதுகிறோம். அலுவலகச் சுற்றறிக்கையில் விதிக்கு இணங்கி நடப்பதும் இதுவே. ‘கூடுசொல்’ என்று வைத்தால் என்ன?

இன்னொரு கேள்வி. ஆங்கிலத்தில் கெட்டுப்போன உணவு எதற்கும் ‘கோ பேட்’ என்று சொல்லிவிடலாம். நம் வீட்டில் பால் திரியும், சாம்பார் ஊசிப்போகும், மாவு புளித்துப்போகும், பழம் அழுகும், ரொட்டியில் பூசணம் பூக்கும். இங்கே நிலையையும் வினையே சொல்லிவிடுகிறது. இணங்குவினை என்று தனியாக எதைக் காட்டுவீர்கள்?

*

நல்ல கேள்வி அம்மா. திரிவதற்குப் பால் வேண்டும், ஊசிப்போவதற்குச் சோறோ குழம்போ வேண்டும். ‘பால் ஊசிப்போச்சு’ என்றால் காதில் இடிக்கிறதே, அந்த இடிதான் நாம் தேடுவது. ஆகவே இணங்குவது வினை மட்டுமல்ல, பெயரும்தான். பொதுவாக ‘இணங்குசொல்’ என்று வைப்போம். இணங்குவினை அதில் ஒரு வகை.

‘கூடுசொல்’லில் எனக்குக் குருவிக்கூடுதான் தெரிகிறது. தவிர, ‘கூட்டுச்சொல்’லோடு குழம்பும். கணினி இணக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னால் ‘சொல்’ ஒட்டியிருக்கிறது, அங்கேயும் பொருள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான்.

கையேட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: பாடத்தை வினைவாரியாகப் பிரியுங்கள். ‘கோ’ பெரும்பாலும் சரிவுப் பக்கம் போகும்: கோ பால்ட், கோ டெஃப், கோ மேட், கோ பேட். வழுக்கை, காது கேளாமை, பைத்தியம், கெட்டுப்போவது. களைப்புக்கு அது வராது, ‘கெட் டயர்ட்’தான். உடம்பு தேறினாலும் ‘கெட் பெட்டர்’. ‘ஃபால்’ சேருவது தன்னையறியாமல் போய் விழும் நிலைகளில்: உறக்கம், நோய், காதல். கோ வைரல் எந்தச் சரிவு என்று பிள்ளைகள் கேட்டால் நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

*

நன்றி. ‘சொல்லிணக்கம்’ என்றே போடுகிறேன், ‘இணங்குசொல்’லும் எடுத்துக்கொண்டேன். அச்சுக்கு அடுத்த வாரம் போகிறது. ‘கூடுசொல்’லுக்காக இன்னும் யாராவது வாதாடுவதானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.