ரெய்ஷி காளான் கோப்பி: அம்மாட மருந்தோட சேர்த்துக் குடிக்கலாமா?

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம், அம்மாக்கு 68 வயசு, சீனி வருத்தம் இருக்கு, போன வருஷம் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வச்சது, அதால மெட்ஃபோமின், குளோபிடோக்ரெல், அஸ்பிரின் எல்லாம் போடுறா. இப்ப கோயிலுக்கு வாற ஒரு அன்ரி ரெய்ஷி கோப்பிப் பெட்டியும் கப்சூல் போத்தலும் கொண்டுவந்து தந்திட்டு, மூண்டு மாசம் குடிச்சா குளிசையே தேவையில்லையெண்டு சொல்லிட்டுப் போயிட்டா. அம்மா அத நம்பி காலமை குளிசைய விட்டிட்டு கோப்பியக் குடிக்கிறா, கேட்டா சீனாக்காரன் ரெண்டாயிரம் வருஷமா குடிக்கிறான் உனக்கென்ன தெரியும் எண்டுறா. உண்மையா இதில ஏதும் இருக்கா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாமசி அக்கா:
தம்பி, முதல்ல கிளினிக்குக்கு இண்டைக்கே போன் பண்ணி குளிசை விட்டத சொல்லுங்கோ, கோப்பிக் கதை பிறகு. ஸ்டென்ட் வச்ச ஆள் அஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தன்ர பாட்டில நிப்பாட்டினா ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்டி திரும்பவும் அட்டாக் வரலாம், காளான விட இதுதான் எனக்குப் பயம்.

சீனாவில பழைய மருந்துதான், பொய்யில்லை. அங்க லிங்ஜி, ஜப்பான்ல ரெய்ஷி. மரத்தில வாற கட்டியான கசப்புக் காளான், கறி வைக்கேலாது, அவிச்சோ தூளாக்கியோதான் எடுக்கிறது. பீட்டா குளூக்கன், டிரைடெர்பீன் எண்ட சாமான்கள் இருக்கு, ஆய்வுகூடத்தில நோய் எதிர்ப்பு செல்லுகள கொஞ்சம் உசுப்புது, ஆனா அத வச்சு மனுசரில சுகமாக்கும் எண்டு சொல்லேலாது. டைப் 2 சீனி வருத்தக்காரரில செய்த ஆய்வுகள கொக்ரேன் எண்ட, மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்கிற சர்வதேச அமைப்பு 2015ல சேர்த்துப் பார்த்தது, 5 ஆய்வு, 398 பேர், சீனியும் கொலஸ்ட்ரோலும் சொல்லிக்கொள்ளுற அளவுக்கு இறங்கேல்லை.

சேர்த்துக் குடிக்கிறதெண்டா, ரெய்ஷி ரத்தம் உறையிறத குறைக்கக்கூடியது, ஏற்கனவே ரெண்டு மருந்து அதே வேலையச் செய்யுது. முரசில ரத்தம், கண்டல், கறுப்பா மலம் போறது, இதுகள் வருதோ எண்டு பாருங்கோ. வாஃபரின் எண்ட ரத்தம் உறையாமத் தடுக்கிற குளிசை போடுற ஆக்களெண்டா இன்னும் கவனம்.

தெஹிவளை சிவா:
எங்கட அப்பா இத குடிச்சவர், நல்ல நித்திரை வந்தது, ஒரு கெடுதியும் இல்லை. இயற்கையான சாமான்தானே, இங்கிலீஸ் மருந்தில மட்டும் பக்கவிளைவு இல்லையோ? சும்மா பயப்படுத்தாதேங்கோ. கேன்சருக்கே குடுக்கினம்.

பாமசி அக்கா:
சிவா அண்ணா, அப்பாக்கு நித்திரை வந்தது சந்தோசம், நான் நஞ்செண்டு சொல்லேல்லை. கேன்சரையும் கொக்ரேன் பார்த்தது, அதை மட்டும் வச்சு வைத்தியம் செய்ய ஆதாரம் காணாது, சாதாரண சிகிச்சையோட துணைக்கு வேணுமெண்டா பாவிக்கலாம் எண்டதுதான் முடிவு. இயற்கை எண்டதால ஈரலுக்கு ஒண்டும் ஆகாதெண்டு இல்லை, ஹாங்காங்கிலயும் தாய்லாந்திலயும் ரெய்ஷித் தூள் எடுத்து ஈரல் பழுதான ஆக்கள் பற்றி மருத்துவ சஞ்சிகைகளில வந்திருக்கு, தாய்லாந்தில அப்பிடி உயிரும் போயிருக்கு. அப்பிடி நடக்கிறது அரிதுதான், ஆனா கண் மஞ்சளாகி மூத்திரம் கடும் நிறமாப் போனா உடன ஆஸ்பத்திரி.

கொட்டாஞ்சேனை நானா:
எங்கட உம்மாக்கும் இப்பிடி ஒரு ஆள் வித்தாரு. குடிச்சதும் தலைசுத்து, வயித்தால போறது, உடம்பெல்லாம் கடி. கேட்டா அது "அழுக்கு வெளியேறுது, நல்ல அறிகுறி, இன்னும் ரெண்டு சாஷே கூட்டுங்க" எண்டாரு பாருங்க! எது நடந்தாலும் நல்லதெண்டு சொல்ற மருந்த எப்பிடி நம்புறது? அந்த ஆளுக்கு கீழ நாலு பேர சேத்தாத்தான் கொமிஷன், அதான் அவ்வளவு அக்கறை. பெட்டியில தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பதிவோ, ஆயுர்வேத திணைக்கள பதிவோ ஏதாவது இருக்கா எண்டு பாருங்க, விக்கிறவர் வாயால சொன்னா காணாது.

வெள்ளவத்தைப் பொடியன்:
நன்றி எல்லாருக்கும், கிளினிக்கோட கதைச்சிட்டன், குளிசை திரும்பத் தொடங்கியாச்சு. பெட்டிய இப்பதான் வாசிச்சன், த்ரீ இன் வன் சாஷே, முதல் பேரே சீனி, பிறகு கிரீமர், கோப்பி, கடைசியிலதான் காளான் சாறு, எத்தனை மில்லிகிராமெண்டும் போடேல்லை. சீனி வருத்தத்துக்கு சீனி குடுத்திட்டுப் போயிருக்கிறா அன்ரி. அம்மாக்கு இத காட்டினதும் முகம் மாறினது, ஆனா கப்சூல விட மாட்டன் எண்டுறா, காசு குடுத்ததாம். இன்னொண்டு, அடுத்த மாசம் பல்லுக் கழட்ட இருக்கு, அதுக்கு ஏதும்?

பாமசி அக்கா:
அப்ப கப்சூல இப்பவே நிப்பாட்டுங்கோ, பொதுவா ஆப்பரேஷனுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் நிப்பாட்டச் சொல்லுறவை. பல்லு டொக்டருக்கு ஸ்டென்டையும் சொல்லுங்கோ, காளானையும் சொல்லுங்கோ. குளோபிடோக்ரெல, அஸ்பிரின நிப்பாட்டுறதோ இல்லையோ எண்டத இதய டொக்டர்தான் சொல்லோணும், பல்லுக்கெண்டு நீங்களா விட்டிடாதேங்கோ. போத்தலையும் கிளினிக்குக்கு கொண்டு போங்கோ, மகன் சொல்லிக் கேக்காட்டியும் டொக்டர் சொன்னா அம்மா கேப்பா.