போனைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம்

மதுரை ஆசிரியை:
ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சென்ற ஆண்டு நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி வீட்டுப்பாடம் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். தனியே அழைத்துக் கேட்டதும், "அம்மாவிடம் சொல்லாதீர்கள் டீச்சர், போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்றாள். என்ன நடந்தது என்பதே அதற்குப் பிறகுதான் வந்தது. இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் அவளுடைய படத்தை ஆபாசமாக மாற்றிவைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டியிருக்கிறான். வீட்டுக்குத் தெரிந்தால் போன் போய்விடும் என்று அவனே செய்தி அனுப்பியிருந்தான். நம் வீட்டுத் தண்டனை என்னவென்று அந்த அயோக்கியனுக்கும் தெரிந்திருக்கிறது!

போனைப் பறிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கப் போனார், தடுத்தோம். ஸ்கிரீன்ஷாட்தான் சாட்சி. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தோம், சைபர் கிரைம் காவல்துறையிலும் புகார் கொடுத்தோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரியவந்தால் பள்ளி அதை மூடி மறைக்க முடியாது. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையிலும் பதிந்தோம். படம் போனைவிட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து உருவாக்கும் எண் அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகிறது. அதை வைத்து அவர்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகிறார்கள்.

கோவை அப்பா:
எங்கள் வீட்டில் சிக்கல் வேறு. மகன் நள்ளிரவு வரை போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுவான். அவனுடைய போனை ஒளித்துவைத்தால் பாட்டியின் போனை எடுத்துக்கொள்வான். கடைசியில், இரவு 10 மணிக்கு எல்லாருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்கவேண்டும் என்று வைத்தோம், என்னுடையது உட்பட. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்றான். கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அவனைவிட நான்தான் அதிகம் தவித்தேன் என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். சனிக்கிழமை மட்டும் 11 மணி என்று பேரம் பேசி வாங்கிவிட்டான்.

நெல்லை அத்தை:
பத்து மணிக் கணக்கெல்லாம் எங்களிடம் எடுபடவில்லை. அண்ணன் மகள் தூக்கம் வராமல்தான் போனை எடுத்தாள். போனால் தூக்கம் கெடவில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசவைத்தோம். தமிழிலேயே பேசினார்கள், கட்டணம் இல்லை. அதன் பிறகுதான் எங்களிடம் வாய் திறந்தாள். தோழிகள் அவளை மட்டும் விட்டுவிட்டு வேறொரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதில் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்களாம்.

மதுரை ஆசிரியை:
வகுப்பாசிரியரிடம் பேசினீர்களா? பேசுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.