ஃபைரோ-பி தமிழாக்கம்: ‘சிலர்’ என்ற சொல்லில் நிற்கிறது, உதவுங்கள்

வணக்கம். பிறரோடு பழகுவதில் ஒருவரின் தேவைகளை அளக்க வில்லியம் ஷுட்ஸ் 1958-ல் வெளியிட்ட ஃபைரோ-பி (FIRO-B) வினாத்தாளின் தமிழ் வடிவத்துக்கு உளவியல், புள்ளியியல் தெரிந்தவர்களின் யோசனை வேண்டும். (பதிப்பாளர் அனுமதி வராமல் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.)

மொத்தம் 54 கேள்விகள். சேர்த்துக்கொள்ளல், கட்டுப்படுத்தல், அன்பு என மூன்று தேவைகள். ஒவ்வொன்றிலும் நாம் பிறரிடம் காட்டுவது ஒரு மதிப்பெண், பிறரிடமிருந்து விரும்புவது இன்னொன்று. ஆக ஆறு மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை.

கேள்விகளை ஒருவழியாகத் தமிழாக்கிவிடலாம். இடிப்பது விடைகள்தான். ‘எத்தனை பேர்’ என்ற கேள்விகளுக்கு ‘யாருமில்லை’ முதல் ‘பெரும்பாலோர்’ வரை ஆறு படிகள். ‘யாருமில்லை’, ‘ஓரிருவர்’ தாண்டியதும் அடுத்த இரண்டு படிகளும் (ஆங்கிலத்தில் a few, some) தமிழில் ‘சிலர்’ ஆகிவிடுகின்றன. விடைகளை 1 முதல் 6 வரை கூட்டுவதாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. இங்கே கணக்கு வேறு: கேள்விக்குக் கேள்வி ஒரு வெட்டுக்கோடு, அதைத் தாண்டினால் 1, இல்லையேல் 0. கோடு அந்த இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால் மதிப்பெண்ணே புரண்டுவிடும். ‘ஒரு சிலர்’ பேச்சில் ஓரிருவர் பக்கம் சாய்கிறது. ‘வெகுசிலர்’ என்றால் ‘வெகு’வைப் பார்த்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று: கிட்டத்தட்ட ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். வெட்டுக்கோடு மாறுவதால் அது வேண்டுமென்றே வைத்தது. அழகுக்காகச் சொல்லை மாற்றக் கூடாது.

ஆறு படிகளுக்கும் ஏறுவரிசையில் குழப்பமில்லாத சொற்கள் யாரிடமாவது உண்டா? சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லிச் சோதித்த சொற்களாக இருந்தால் இன்னும் நல்லது. கட்மன் அளவுகோலின் (கேள்விகளை ஏறுவரிசையில் அடுக்கும் முறை) மீளாக்கக் கெழு, அதாவது மொத்த மதிப்பெண்ணை வைத்தே ஒவ்வொரு விடையையும் எவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது என்ற அளவு, 0.90-க்குக் கீழே போனால் வெட்டுக்கோட்டை நகர்த்துவீர்களா, சொல்லை மாற்றுவீர்களா?