கத்தியவார் பெட்டைக்கு எந்தச் சேணம் பொருந்தும்: சட்டம் உள்ளதா, சட்டம் இல்லாததா?

உடுமலைச் சவாரி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் நான்கு வயதில் வாங்கிய கத்தியவார் (குஜராத்தைச் சேர்ந்த குதிரை இனம்) பெட்டைக்குதிரை ஒன்று என்னிடம் இருக்கிறது. வாங்கிய அன்று உடன் வந்த பெரியவர்கள் சுழி பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், நடக்கவிட்டுக் குளம்பு பார்த்தார்கள். நான் உட்பட ஒருவரும் முதுகைத் தடவிப் பார்க்கவில்லை. இப்போது அதன் உயரம் 58 அங்குலம். தோள்மேடு (கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் உள்ள மேடு) நன்றாக எழும்பி, முதுகு சற்றுக் குறுகலாக இருக்கிறது. வாரத்தில் நான்கு நாட்கள் தென்னந்தோப்புத் தடங்களிலும் வாய்க்கால் கரையிலும் 8 முதல் 12 கிலோமீட்டர் வரை சவாரி செய்கிறேன். அதில் பெரும்பகுதி ட்ராட்தான் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்).

என்னிடம் உள்ளது கான்பூரில் செய்த, தோலுக்கு உள்ளே எலும்புக்கூடுபோல விறைப்பான மரச்சட்டம் வைத்த சாதாரணச் சேணம். கடந்த மூன்று மாதங்களாக அதைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தாலே குதிரை காதுகளைப் பின்னால் படுக்க வைக்கிறது. வயிற்றுவாரை இழுக்கும்போது கடிக்கத் திரும்புகிறது. தோள்மேட்டின் இரண்டு பக்கமும், உச்சியிலிருந்து நான்கு விரல் கீழே, ஐந்து ரூபாய் நாணய அளவில் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. சேணத்துக்கு அடியில் விரிக்கும் நம்தாவின் மேல் இன்னொன்றைப் போட்டுப் பார்த்தேன். நிலைமை மோசமானதே தவிரச் சீராகவில்லை.

இந்நிலையில் நண்பர் ஒருவர் தம் சட்டமில்லாச் சேணத்தை இரவலாகத் தந்தார். முதல் இருபது நிமிடம் குதிரை இதுவரை நான் பார்த்திராத அளவுக்குத் தோளை வீசி நடந்தது. ஆனால் தரையிலிருந்து ஏறும்போது சேணம் என் பக்கமாகச் சரிந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என் இடுப்பு மூட்டு வலிக்கத் தொடங்கியது. என் எடை 68 கிலோ. இறக்குமதிச் சேணத்தில் பெரும்பணம் போடுவதற்கு முன், இரண்டையும் பயன்படுத்தியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கொங்கு லாயம்:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் சட்டம் உள்ள சேணத்தின் குற்றத்தைக் காட்டவில்லை. அளவு பொருந்தாத சட்டத்தின் குற்றத்தைக் காட்டுகின்றன. சேணத்தின் முன்வளைவிலிருந்து இரு பக்கமும் கீழிறங்கும் சட்ட முனைகள் தோள்மேட்டுக்குக் கீழே தசையில் குத்தி, அங்கே முடியின் வேர் கெட்டுப்போனதால்தான் வெள்ளை முடி வந்திருக்கிறது. நான்கு வயதில் ஒல்லியாக இருந்த குதிரைக்குப் பொருந்திய சேணம், ஆறு வயதில் தசை ஏறிய பிறகு இறுகிவிட்டது என்றே ஊகிக்கிறேன். நம்தாவைக் கூட்டியதும் நோவு கூடியதற்குக் காரணம் இதுவே. தளர்ந்த மோதிரத்துக்கு நூல் சுற்றலாம். இறுகிய மோதிரத்துக்கு நூல் சுற்றினால் விரல்தான் வீங்கும்.

சட்டம் எதற்காக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது உங்கள் எடையை முதுகெலும்பின் மேல் விழாமல் தூக்கிப் பிடித்து, எலும்பின் இரு பக்கத்திலும் உள்ள நீளமான தசைகளின் மேல் பரப்புகிறது. சவாரியாளர் கால் வைக்கும் அங்கவடியின் வார் சட்டத்தில் மாட்டப்படுவதால், நீங்கள் அங்கவடியில் எழுந்து நிற்கும்போது விழும் பாரமும் சேணத்தின் முழு நீளத்துக்கும் போய்ச் சேருகிறது. சட்டமில்லாச் சேணத்தில் அந்த வார் பெரும்பாலும் முதுகின் குறுக்கே போகும் ஒரு பட்டையில் தொங்குவதால், எழுந்து அமரும் ட்ராட்டில் ஒவ்வோர் எழுச்சியின்போதும் அந்தப் பட்டை இருக்கும் இடத்திலேயே பாரம் குவிகிறது. நீங்கள் செல்லும் தூரத்தில் பெரும்பகுதி ட்ராட் என்று எழுதியிருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டுக் குதிரைகளின் மேல் ஒரே சவாரியாளரை அமர்ந்த ட்ராட்டில் ஓட்டச் செய்து, சேணத்தின் அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பை வைத்துப் பார்த்தார்கள். சட்டம் உள்ள சேணம் எடையை அதிகப் பரப்பில் பரப்பியது. சராசரி அழுத்தமும் உச்ச அழுத்தமும் அதில் குறைவாக இருந்தன. முதுகுக்குத் தீங்கு தரும் எல்லையாகக் கருதப்படும் 11 கிலோபாஸ்கலைத் தாண்டிய இடங்களும் குறைவு.

இங்கே ஒரு பழங்கதையும் நினைவுக்கு வருகிறது. அல்தாய் மலைப் பகுதியின் பசிரிக் புதைமேடுகளில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையான சேணங்கள், முதுகெலும்பின் இருபுறமும் கிடத்தித் தைத்த மெத்தைகள்தாம். அவற்றில் அங்கவடி கிடையாது என்பதைக் கவனியுங்கள். மெத்தையின் மேல் உட்கார்ந்து போவதற்கும் மெத்தையில் தொங்கும் இரும்பின் மேல் எழுந்து நிற்பதற்கும் குதிரையின் முதுகு வெவ்வேறு கணக்கு வைத்திருக்கிறது.

குதிரையின் எடை என்ன? நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கில் எடை கிடைக்கும்.

உடுமலைச் சவாரி:

இன்று காலை அளந்தேன். சுற்றளவு 162, நீளம் 158; கணக்குப்படி 349 கிலோ வருகிறது. என் சேணம் 8 கிலோ. இரவல் சேணம் அதன் மெத்தையோடு சேர்த்து ஐந்தரைக் கிலோ.

மெல்லோட்டம்:

ஐந்து ஆண்டுகளாகச் சட்டமில்லாச் சேணத்தில் மட்டுமே சவாரி செய்பவள் என்ற முறையில் எதிர்த்தரப்பு வாதத்தையும் பதிவு செய்கிறேன். கொங்கு லாயம் ஐயா குறிப்பிட்ட ஆய்வைப் படித்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் குதிரை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குக் குதிரையின் முதுகை அளந்து சேணம் பொருத்தித் தரும் ஆள் கிடைக்கிறார்? கடையில் தொங்குவதை வாங்கி வருகிறோம். அது பொருந்தாவிட்டால் குதிரை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறது. பொருந்தாத மரத்தைவிடப் பொருந்திவரும் மெத்தை மேல் என்று நான் மாறியதற்கு அதுவே காரணம். என் மார்வாரிக் கலப்புக் குதிரைக்கு முதுகு பத்தாயத்தைப் போல அகலம்; எந்தச் சட்டமும் அதன் மேல் உட்காராமல் முன்னும் பின்னும் ஊசலாடியது.

ஆனால் சில உண்மைகளை மறைக்கக் கூடாது. சட்டமில்லாச் சேணத்தை வெறும் நம்தாவின் மேல் போடவே கூடாது. முதுகெலும்புக்கு நேரே நீளவாக்கில் பள்ளம் விட்டு, இரு பக்கமும் கெட்டியான நுரைத்தட்டு செருகிய தனி மெத்தை அதற்கு வேண்டும். அந்த மெத்தைதான் ஒருவகையில் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. தரையிலிருந்து ஏறக் கூடாது. திண்ணையோ, கல்லோ, முக்காலியோ வேண்டும். சரிகிறது என்பதற்காக வயிற்றுவாரை மேலும் இறுக்குவது குதிரைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. உங்கள் இடுப்பு வலிக்குக் காரணம், சட்டம் உள்ள சேணத்தில் இருக்கையின் முன்பகுதி தொடைகளுக்கு நடுவே குறுகுவதுபோல இதில் குறுகுவதில்லை என்பதாகும். தொடைகள் குதிரையின் முழு அகலத்துக்கும் விரிகின்றன. எனக்கு அது ஒத்துப்போகிறது. என் அக்காவுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

என் எடை 54 கிலோ. நான் செல்வது பெரும்பாலும் நடை, கொஞ்சம் கேன்டர் (மிதமான பாய்ச்சல்). இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை நீண்ட தூரம் ட்ராட்டிலேயே சென்று திரும்பியபோது, அங்கவடிப் பட்டைக்கு நேர் கீழே இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சூடும் லேசான வீக்கமும் இருந்தன. அதன் பிறகு அந்தச் சேணத்தில் நீண்ட ட்ராட்டை நிறுத்திவிட்டேன். உங்கள் குதிரையின் எழும்பிய தோள்மேட்டையும் நீங்கள் செல்லும் விதத்தையும் பார்த்தால், என் பக்கத்துக்கு ஆள் சேர்க்கும் ஆசை இருந்தும், உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

தோல்பட்டறை:

சேணம் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், வாங்குவது விற்பதைப் பேசுவதற்கு முன் கையில் இருப்பதைச் சோதிக்கச் சொல்வேன். சேணத்தின் முன்வளைவை வயிற்றில் அண்டக் கொடுத்து, பின்மேட்டை இரு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். எஃகுப் பட்டை வைத்த சட்டமாக இருந்தால் சற்று வளைந்து திரும்பும். நடுவில் மடிந்தாலோ, இருக்கையின் தோல் குறுக்கே சுருங்கினாலோ, நொறநொறவென்று ஒலி வந்தாலோ சட்டம் உடைந்திருக்கிறது. அடுத்து, முன்பக்கத்தின் இரு முனைகளையும் முழங்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள். அசைவே இருக்கக் கூடாது. உடைந்த சட்டத்தை எவ்வளவு தைத்தாலும் பயனில்லை.

சட்டம் நன்றாக இருந்தால் முதுகின் வார்ப்பை எடுங்கள். வீட்டுக்கு மின்கம்பி இழுக்கும்போது மிச்சமாகும் தடித்த அலுமினியக் கம்பி போதும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே கம்பியை அழுத்தி வளைத்து, வடிவம் கெடாமல் எடுத்து அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டையைச் சேணத்தின் முன்வளைவுக்குள் பொருத்திப் பார்த்தால், சட்ட முனைகள் முதுகுக்கு இணையாக இறங்குகின்றனவா, உள்நோக்கிக் குத்துகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். கடைசி விலா எலும்பு சேரும் இடத்துக்குப் பின்னால் சேணத்தின் பாரம் போகக் கூடாது என்பதையும் பாருங்கள். கத்தியவார் போன்ற குட்டை முதுகுக் குதிரைகளில் இதை அடிக்கடி தவறவிடுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு சேணத்தை, எல்லாக் குதிரைக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்றிருந்தார்கள். எல்லார் காலுக்கும் பொருந்தும் செருப்பை நான் இன்னும் பார்த்ததில்லை.

கொங்கு லாயம்:

நீங்களும் சேணமும் சேர்ந்து 76 கிலோ. அது குதிரையின் எடையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. பொதுவாகச் சொல்லப்படும் 20 விழுக்காட்டை இது தாண்டுகிறது. சட்டமில்லாச் சேணத்துக்கு மாறினால் இரண்டரைக் கிலோ குறையும். ஆனால் அப்போதும் 21 விழுக்காடு இருக்கும். ஆகவே உங்கள் விஷயத்தில் மொத்த எடையைவிட, அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதே பெரிதாகிறது. தூரத்தைக் கொஞ்சம் குறைத்து, மேட்டில் இறங்கி நடந்தால் குதிரை நன்றி சொல்லும்.

புதிய சேணத்தை வாங்குமுன் ஒரு மணி நேரம் ஓட்டி, கழற்றியவுடன் முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் சமமாகப் படிந்து, நடுவில் முதுகெலும்பு நெடுகிலும் உலர்ந்திருக்க வேண்டும். வியர்வைக்கு நடுவே திட்டாக உலர்ந்த இடம் இருந்தால், அங்கே அழுத்தம் மிகுதி என்றும் பொருள் இருக்கலாம், சேணம் தொடவே இல்லை என்றும் பொருள் இருக்கலாம். விரலால் அழுத்தி, குதிரை முதுகைத் தாழ்த்துகிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

மெல்லோட்டம் அவர்களின் நேர்மைக்கு என் வணக்கம்.

உடுமலைச் சவாரி:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். என் சேணத்தின் சட்டம் உடையவில்லை. ஆனால் அட்டையை உள்ளே வைத்தபோது இரு முனைகளும் ஒரு விரல் அளவுக்கு உள்நோக்கி நின்றன. அதை விற்றுவிட்டு, அதே அட்டையைக் காட்டி, இன்னும் அகன்ற மரச்சட்டம் கொண்ட பழைய சேணம் ஒன்றை வாங்கினேன். அடியிலிருந்த கம்பளித் திணிப்பைப் புதிதாக மாற்றச் சொன்னேன். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறது. முதல் மூன்று வாரம் சேணமே போடாமல் குதிரையைக் கையில் பிடித்து நடக்க மட்டும் விட்டேன். இப்போது சேணத்தைக் கண்டால் காதுகளைப் படுக்க வைப்பதில்லை. வயிற்றுவாரின் முதல் துளைக்கு மட்டும் பழைய நினைவில் தலையைத் திருப்புகிறது. இரவல் சேணத்தைத் திருப்பித் தருமுன், அதில் என் மகளை ஏற்றி லாயத்தைச் சுற்றி நடக்கவிட்டேன்; அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். நேற்றைய சவாரிக்குப் பின் வலது பக்கம் வியர்வை சீராக இருந்தது. இடது பக்கம் பின்புறத்தில் கையகலத்துக்கு உலர்ந்திருந்தது. அழுத்தினால் குதிரை அசையவில்லை. இடப்பக்கத் திணிப்பு குறைவாக இருக்கிறதா, அல்லது நான் எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறி ஏறிச் சேணத்தை இழுத்துவிட்டேனா என்று தெரியவில்லை. தோல்பட்டறை ஐயா பார்த்துச் சொன்னால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தோல்பட்டறை:

தொடாத இடம்தான் அது. சேணத்தைக் கவிழ்த்து வைத்து, பின்னாலிருந்து நேராக ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை முக்காலி போட்டு ஏறுங்கள், சகோதரி. சட்டம் உள்ள சேணமாக இருந்தாலும் தரையிலிருந்து ஏறினால் முறுக்கத்தான் செய்யும்.