புதுப்பிப்பு: கோபர் கேஸ் எரியுதா?

உசிலம்பட்டி பக்கம் எங்க தோட்டத்து வீட்டுல ஈ.பி. கரண்டும் சிலிண்டரும் இல்லாம ஓட்டப்போறோம், கோபர் கேஸ் (மாட்டுச் சாணியில இருந்து வர்ற எரிவாயு) தொட்டி கட்டுறோம்னு முன்னாடி எழுதியிருந்தேன். "எரியுதா, நாறுதா?"ன்னு கேட்டவங்களுக்கு: நல்லாவே எரியுது.

ஆரம்பத்துல வந்த வாயு பத்தவே இல்ல. அதுல கரியமில வாயுதான் அதிகம், திறந்து விட்டுடணும். அப்புறம் வர்றதுல மீத்தேன் கூடி, நீலமா புகையில்லாம எரியும். சாதா கேஸ் அடுப்பு சரிப்படாது, ஜெட் துளை (வாயு வெளிய வர்ற ஓட்டை) பெருசா இருக்கணும். தீ துடிச்சா குழாய்ல தண்ணி சேந்திருக்குன்னு அர்த்தம், வடிச்சு விடணும்.

ஒரு மாடு போதுமான்னு கேட்ட தம்பிக்கு: 1 கன மீட்டர் வாயுவுக்கு சுமார் 25 கிலோ பச்சைச் சாணி வேணும். நாட்டு மாடு ஒண்ணு நாளைக்கு 10 கிலோ போட்டாலே பெருசு. டீ போட்டுக்கலாம், வீட்டுக்கே மூணு வேளையும் சோறு பொங்க முடியாது!

காலையில முத வேலை, சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி கரைக்கிறது. அம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, வைக்கோலு, கல்லு எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் ஊத்த விடும். மார்கழிக் குளிர்ல வாயு குறையும்; அப்ப வெயில்ல காஞ்ச தண்ணியில கரைக்கிறோம். வெளிய வர்ற கரைசல் அப்படியே கத்தரிக்கும் முருங்கைக்கும் போகுது.

கரண்டுக்கு சோலார்: 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதாவது மொத்தம் 1800 வாட் ஹவர். சார்ஜை பாதிக்கு மேல இறக்குறதில்ல, அதனால ராத்திரிக்கு 900 வாட் ஹவர்தான். மிக்ஸி பகல்ல மட்டும். அம்மாவுக்கு அம்மிதான் வேணுமாம், அது தனிச் சண்டை.

கிணத்து மோட்டார் இன்னும் டீசல்லதான் ஓடுது.