ஒரே ஆள் இரண்டு கட்சிக்கும் வேட்பாளரா? 1946 கலிபோர்னியா கவர்னர் தேர்தல் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (காவேரிப்பட்டணம்):
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2-க்குப் படிக்கிறேன். நமக்கு கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார், அமெரிக்காவில் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், அதுவரை சரி. ஆனால் 1946இல் கலிபோர்னியாவில் ஏர்ல் வாரன் என்பவர் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டுக்குமே வேட்பாளர் ஆனார் என்று படித்ததிலிருந்து மண்டை குழம்புகிறது. ஒரே ஆள் இலையிலும் சூரியனிலும் நிற்கிற மாதிரி அல்லவா இது! யார் அவருக்கு சீட் கொடுத்தது?

பதில் (தருமபுரி):
தம்பி, அங்கே அப்போது சீட் கொடுத்தது தலைவர் இல்லை. ப்ரைமரி என்று முதலில் ஒரு தேர்தல் வைத்து, கட்சியில் பதிவு செய்த வாக்காளர்களே தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். கலிபோர்னியாவில் 1913இல் ஒரு சட்டம் வந்தது: ஒருவர் தன் கட்சி ப்ரைமரியில் மட்டுமல்ல, எதிர்க்கட்சி ப்ரைமரியிலும் மனு போடலாம். கட்சி முதலாளிகளின் பிடியை உடைக்கத்தான் இப்படிச் செய்தார்கள். வாரன் குடியரசுக் கட்சிக்காரர், ஏற்கெனவே 1942இல் ஜெயித்துப் பதவியில் இருந்தவர். 1946இல் ஜனநாயகக் கட்சி ப்ரைமரிக்கும் மனு போட்டு, அந்தக் கட்சியின் ராபர்ட் கென்னியை அவர் வீட்டிலேயே தோற்கடித்தார். அப்புறம் நவம்பரில் எதிரே நின்றது மதுவிலக்குக் கட்சிக்காரர்தான். வாரனுக்கு 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டு.

பதில் (பென்னாகரம்):
இன்னொரு முக்கியமான விஷயம், அந்தக் காலத்து ப்ரைமரி வாக்குச்சீட்டில் வேட்பாளர் எந்தக் கட்சி என்றே போட மாட்டார்கள். நான் ஆசிரியர், பல முறை எலெக்ஷன் டியூட்டி பார்த்திருக்கிறேன். வயதான அம்மாக்கள் மெஷின் முன்னால் நின்று விரலை ஒவ்வொரு சின்னமாக நகர்த்திக்கொண்டே வருவார்கள், “எலை எங்க சாமி இருக்குது?” என்று நம்மைக் கேட்பார்கள், நாம் வாய் திறக்கக் கூடாது. சின்னத்தை எடுத்துவிட்டால் அவர்கள் தெரிந்த பெயருக்குத்தான் குத்துவார்கள். அங்கே பதவியில் இருந்தவர்களுக்கு அதுதான் லாபமானது. நவம்பரில் ஓட்டுப் போட வருகிறவனுக்குப் பெரிய கட்சிகளிலிருந்து இன்னொரு ஆளே இல்லை என்பது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. 1952இல் மக்களே ஓட்டுப் போட்டு, கட்சிப் பெயரை அச்சிட வைத்தார்கள். 1959இல் இரட்டை மனு முறையே ஒழிந்தது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். சொந்தக் கட்சியில் தோற்று, அடுத்த கட்சியில் ஜெயித்தால்?

பதில் (தருமபுரி):
அதுவும் நடந்திருக்கிறது. 1918இல் சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் ஜனநாயகக் கட்சி ப்ரைமரியில் ஜெயித்தார், ஆனால் தன் குடியரசுக் கட்சியில் தோற்றுவிட்டார். சொந்தக் கட்சியில் தோற்றவர் அடுத்த கட்சிக்கு வேட்பாளராக முடியாது என்பது அன்றைய விதி. ஆகவே ஜனநாயகக் கட்சிக்கு அந்த வருடம் கவர்னர் வேட்பாளரே இல்லாமல் போனது! பாவம், அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

பதில் (பென்னாகரம்):
தேர்வுக்கு இதையும் எழுதி வையுங்கள். நம் அரசியலமைப்பு வரைவில்கூட கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. கவர்னரும் ஓட்டு வாங்கி, முதலமைச்சரும் ஓட்டு வாங்கி வந்தால் இருவரும் மோதிக்கொள்வார்கள் என்று 1949இல் அதைக் கைவிட்டு நியமனத்துக்கு மாறினார்கள். இப்போது அது 155ஆவது பிரிவு.